ஐடில்ல ஊஞ்சல், மிதிச்சா திணறல்: பழைய டர்போ கார் கேள்வி பதில்

கேள்வி: சார், எங்கிட்ட இருக்கறது 20 வருஷத்துக்கு மேல ஆன டர்போ பெட்ரோல் கார். காலைல ஸ்டார்ட் பண்ணா ஒழுங்கா நிக்குது, சூடானதும் ஐடில்ல, அதாவது ஆக்ஸிலரேட்டரைத் தொடாம சும்மா ஓடறப்ப, ஆர்பிஎம் 600க்கும் 1100க்கும் நடுவுல ஊஞ்சல் ஆடுது. நின்ன இடத்துல இருந்து கிளம்பறப்ப ஆக்ஸிலரேட்டரை லேசா தொட்டா ஒரு செகண்ட் மூச்சு முட்டுன மாதிரி திணறிட்டு அப்புறம் பாயுது. பிளக், காயில், ஆக்சிஜன் சென்சார் எல்லாம் மாத்தியாச்சு, ஒரு மாற்றமும் இல்ல. இப்ப டர்போவே போயிருச்சு, அதை மாத்தணும்ங்கறாங்க. மாத்தலாமா?

பதில்: வேண்டாம், கொஞ்சம் பொறுங்க. ஐடில்ல டர்போ பேருக்குத்தான் சுத்திட்டு இருக்கும், அங்க பூஸ்ட்னு, அதாவது டர்போ இன்ஜினுக்குள்ள அழுத்தித் தள்ற காத்துன்னு, சொல்லிக்கற அளவுக்கு ஒண்ணும் கிடையாது. டர்போ போனா நீலப் புகை வரும், ஆயில் குறையும், விசில் சத்தம் மாறும், மேல் ஆர்பிஎம்ல இழுக்காது. நீங்க எழுதினதுல இதுல ஒண்ணு கூட இல்லையே. உங்க வண்டி எங்கயோ கணக்குல வராத காத்தை இழுக்குதுன்னுதான் எனக்குத் தோணுது, அதாவது மெக்கானிக்குங்க சொல்வாங்களே "ஏர் இழுக்குது"ன்னு, அதேதான்.

டர்போ வண்டில இதைக் கண்டுபிடிக்க காத்து போற பாதையை மூணு துண்டா மனசுல பிரிச்சுக்கங்க. ஏர் ஃபில்டர் பக்கத்துல இருந்து உள்ள போற காத்தை அளக்கற ஏர்ஃப்ளோ மீட்டர்ல இருந்து டர்போ வாய் வரைக்கும் முதல் துண்டு, இங்க எப்பவுமே உறிஞ்சல்தான், ஓட்டை இருந்தா வெளிக்காத்து உள்ள வரும். டர்போல இருந்து, காத்தைக் குளிர வைக்கற இன்டர்கூலர் வழியா, ஆக்ஸிலரேட்டர் மிதிச்சா திறக்கற த்ராட்டில் வரைக்கும் ரெண்டாவது, இங்க ஐடில்ல பெருசா ஒண்ணும் தெரியாது, பூஸ்ட் ஏறுனா காத்து வெளிய பீச்சும், மீட்டர் எண்ணிவிட்ட காத்து சிலிண்டருக்குப் போய்ச் சேராததால பெட்ரோல் அதிகமாகி கருப்புப் புகை தள்ளும். த்ராட்டிலுக்கு அப்புறம் சிலிண்டர்களுக்குக் காத்தைப் பிரிச்சு விடற மேனிஃபோல்டு மூணாவது, அதுல ஓட்டைன்னா ஐடில்ல உள்ள இழுக்கும், பூஸ்ட்ல அதே ஓட்டை வழியா வெளிய தள்ளும். உங்களுக்கு ஐடில்லயும் தொட்டவுடனேயும் பிரச்சனை, மேல நல்லா பாயுதுங்கறீங்க, அதனால ரெண்டாவது துண்டை இப்போதைக்கு விட்டுட்டு ஒண்ணையும் மூணையும் பாருங்க.

காலைல ஏன் நல்லா நிக்குதுன்னா, இன்ஜின் குளிர்ச்சியா இருக்கறப்ப கம்ப்யூட்டர் தாராளமா பெட்ரோல் ஊத்தும், அந்தத் தாராளத்துல இந்த ஓட்டை மறைஞ்சு போயிடும். சூடானப்புறம் கணக்கா ஊத்த ஆரம்பிச்சதும் குட்டு வெளிப்பட்டுடுது. ஆர்பிஎம் ஏறினா கம்ப்யூட்டர் ஐடிலுக்குக் காத்து விடற ஐடில் வால்வை மூடுது, மூடினா விழுது, விழுந்தா மறுபடி திறக்குது, அந்த இழுபறிதான் உங்க ஊஞ்சல்.

இப்ப என் கதை. என் பழைய வண்டில ஏறக்குறைய இதே வியாதி, மூணு மாசம் படுத்திடுச்சு, நானும் உங்கள மாதிரியே சென்சார் சென்சாரா மாத்தினவன்தான். கடைசில பானெட்டைத் திறந்து வச்சுட்டு பக்கத்துல ஒருத்தரை விட்டு ஆக்ஸிலரேட்டரை மெதுவா தட்டச் சொன்னேன். தட்டினப்பல்லாம் இன்ஜின் ஒரு பக்கமா சாயுது, இன்ஜினைத் தாங்கற மவுன்ட் தளர்ந்து போயிருக்கு. மீட்டருக்கும் டர்போவுக்கும் நடுவுல மடிப்பு மடிப்பா ஒரு ரப்பர் பைப் வருமே, இன்ஜின் சாயறப்ப அது விரியுது. மேல பாத்தா புதுசு மாதிரி பளபளன்னு இருக்கு, அடியில விரலை விட்டு மடிப்பு மடிப்பா தடவிட்டே வந்தா ஒரு இடத்துல நகம் உள்ள போகுது. அரை வட்டத்துக்கு கிழிஞ்சிருக்கு! இன்ஜின் நேரா நிக்கறப்ப மூடிக்கும், மிதிச்சா வாயைப் பிளக்கும், அதனாலதான் திணறல் சரியா தொட்ட அந்த நிமிஷத்துல மட்டும் வந்துச்சு. பைப்பையும் மவுன்டையும் மாத்தினேன், முடிஞ்சது. அதனால நீங்களும் முதல்ல விரலை விடுங்க, கிளாம்ப் உக்கார்ற இடத்துக்கு அடியிலயும் கழட்டிப் பாருங்க, ரப்பர் வெடிக்கறது பெரும்பாலும் அங்கதான். ஆனா இன்ஜின் ஆஃப்ல, ஆறினப்புறம் மட்டும்.

விரலுக்கு அகப்படலன்னா பிரஷர் டெஸ்ட். டர்போ வாயில இருக்கற பைப்பைக் கழட்டி, அந்த இடத்தை ஒரு மூடியால அடைச்சு, அதுல வால்வு வச்சு கம்ப்ரசர்ல இருந்து ரெகுலேட்டர் வழியா 5, 6 பிஎஸ்ஐல ஆரம்பிச்சு 10 வரைக்கும் மெதுவா ஏத்துங்க, அதுக்கு மேல போகாதீங்க. சோப்புத் தண்ணி அடிச்சா எங்க நுரை பொங்குதோ அதான் இடம். முதல் துண்டு இதுல வராது, அதை விரலாலதான் பாக்கணும். ஆயில் டிப்ஸ்டிக் பக்கம் புஸ்ஸுனு நல்லா சத்தம் கேட்டா பிசிவி வால்வை, அதாவது இன்ஜின் அடியில சேர்ற ஆவியை மேனிஃபோல்டுக்கு அனுப்பற வால்வை, சந்தேகப்படுங்க. டர்போ வண்டில அந்த வால்வு பூஸ்ட் வர்றப்ப இறுக்கி மூடிக்கணும், மூடலன்னா பூஸ்ட் நேரா ஆயில் சம்ப்புக்குள்ள இறங்கி டிப்ஸ்டிக்கையே தூக்கிவிடும், சீலெல்லாம் கசிய ஆரம்பிக்கும். சின்ன பார்ட்டு, யாரும் சீந்தறதில்ல.

சிலர் ஓடற இன்ஜின்ல கார்ப் கிளீனர் அடிச்சு ஆர்பிஎம் மாறுதான்னு பாப்பாங்க. சாதா இன்ஜின்ல பண்ணா அது ஒரு மாதிரி, பக்கத்துல கொதிச்சுட்டு இருக்கற டர்போவை வச்சுக்கிட்டு பண்றது தீயோட விளையாடறது, நான் சொல்லமாட்டேன்.

கார் கம்ப்யூட்டரைப் படிக்கற ஸ்கேனர் இருந்தா ஃபியூவல் ட்ரிம் பாருங்க, கம்ப்யூட்டர் பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கற சதவீதம் அது. ஐடில்ல ப்ளஸ் 15, 20ன்னு நின்னு, 2500 ஆர்பிஎம்ல பிடிச்சா 3, 4க்கு இறங்கிடுச்சுன்னா ஏர் இழுக்கறது உறுதின்னே வச்சுக்கலாம். அதுக்கு மாறா ஆர்பிஎம் ஏற ஏற ப்ளஸ்ஸும் ஏறுனா பெட்ரோல் பத்தல, இல்ல மீட்டர் அழுக்கு. மீட்டரைக் கழுவணும்னா அதுக்குன்னே இருக்கற ஸ்பிரே மட்டும் போதும், துணி, பட்ஸ் எதையும் உள்ள விடாதீங்க, அந்தக் கம்பி முடி மாதிரி மெலிசு.

கேள்வி: என் வண்டி இன்னும் பழசு, ஸ்கேனர் எதுவும் சேராது. நான் எப்படிப் பாக்கறது?

பதில்: உங்களுக்கு மேனிஃபோல்டு உறிஞ்சலை அளக்கற ஒரு வேக்கும் கேஜும் முள்ளு வச்ச பழைய மல்டிமீட்டரும் போதும், உண்மையைச் சொன்னா எனக்கு இந்த மாதிரி வண்டியப் பாக்கத்தான் பிடிக்கும். சூடான இன்ஜின் ஐடில்ல, கடல் மட்டத்துக்கிட்ட இருக்கற ஊர்னா, 17ல இருந்து 21 இன்ச் மெர்க்குரி வரைக்கும் முள்ளு ஆடாம நிக்கணும். ஆடாமலேயே ரொம்ப கீழ நின்னா ஏர் இழுக்கலாம், இல்ல பொறி விழற டைமிங் பின்தங்கியிருக்கலாம். ஒரே தாளத்துல டிக் டிக்னு விழுந்து எந்திரிச்சா ஒரு சிலிண்டர்ல வால்வு கோளாறு, சிலிண்டர் அழுத்தத்தை, அதாவது கம்ப்ரஷனை, பாத்துருங்க.

அடுத்தது த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்குன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்ற த்ராட்டில் பொசிஷன் சென்சார். இக்னிஷன் போட்டு, இன்ஜின் ஸ்டார்ட் பண்ணாம, சிக்னல் வயர்ல மீட்டரை வச்சு த்ராட்டிலை நத்தை மாதிரி திறங்க, மூடினப்ப சுமாரா 0.5 வோல்ட், முழுசா திறந்தா 4.5 பக்கம் வரும். நடுவுல முள்ளு எங்கயாவது சட்டுனு கீழ விழுந்து எந்திரிச்சா அந்த இடத்துல சென்சாருக்குள்ள இருக்கற டிராக் தேஞ்சு போச்சு, அனேகமா ஐடிலைத் தாண்டின உடனேதான் தேஞ்சிருக்கும், ஏன்னா கால் வாழ்நாள் பூரா அங்கதான இருந்துச்சு. டிஜிட்டல் மீட்டர்ல இந்த விழுகை கண்ணுல படாம போயிடும், அதுக்குத்தான் முள்ளு வேணும்னேன்.

கூலன்ட் டெம்பரேச்சர் சென்சாரையும் விடாதீங்க. பெரும்பாலான வண்டில 20 டிகிரில 2, 3 கிலோஓம் காட்டும், 80 டிகிரில 300 ஓம் பக்கத்துக்கு இறங்கும். இறங்கலன்னா இன்ஜின் கொதிக்கறப்பவும் கம்ப்யூட்டர் குளிருதுன்னு நினைச்சு பெட்ரோல் ஊத்திட்டே இருக்கும், பிளக்கெல்லாம் கரி. பெட்ரோல் பிரஷர் ரெகுலேட்டர்ல சொருகியிருக்கற வேக்கும் ஹோஸைப் பிடுங்கி மோந்தும் பாருங்க, உள்ள பெட்ரோல் ஈரம் இருந்தா ரெகுலேட்டருக்குள்ள இருக்கற சவ்வு, அதாவது டயஃப்ரம், கிழிஞ்சாச்சு.

கேள்வி: சத்தம் நல்லா வரும்னு, காலை எடுத்தா மிஞ்சற டர்போ காத்தை வெளிய விடற ப்ளோ ஆஃப் வால்வு மாட்டினேன். இப்ப வேகமா வந்து காலை எடுத்து கிளட்ச் மிதிச்சா வண்டி ஆஃப் ஆகுது, இல்ல திக்கித் திக்கி நிக்குது. ஏன்?

பதில்: அந்தச் சத்தத்துக்குக் குடுக்கற விலைதான். ஏர்ஃப்ளோ மீட்டர் இருக்கற வண்டில அந்தக் காத்து ஏற்கெனவே எண்ணப்பட்ட காத்து, கம்ப்யூட்டர் அதுக்கும் சேத்து பெட்ரோல் ஊத்திடுச்சு, நீங்க அதை வெளிய விட்டுட்டீங்க, இன்ஜின் பெட்ரோல்ல மூழ்குது. பழைய வால்வு காத்தைத் திருப்பி டர்போ வாய்க்கே அனுப்பும், அதையே மாட்டுங்க. மீட்டர் இல்லாம மேனிஃபோல்டு பிரஷரை வச்சு கணக்கு போடற வண்டியா இருந்தா இந்தத் தொல்லை வந்திருக்காது.

கேள்வி: த்ராட்டில் பாடியைக் கழுவினப்புறம் ஐடில் 1500ல நிக்குது, கெடுத்துட்டேனா?

பதில்: கெடுக்கல. கரி அடைச்ச த்ராட்டிலுக்கு கம்ப்யூட்டர் பழகியிருந்துச்சு, இப்ப அது சுத்தம்னு அதுக்குத் தெரியாது. உங்க வண்டிக்கு உள்ள ஐடில் ரீலேர்ன் முறையை, அதாவது கம்ப்யூட்டருக்கு ஐடிலை மறுபடி பழக்கற முறையை, செய்யுங்க, சில வண்டில பேட்டரி வயரைக் கொஞ்ச நேரம் கழட்டி மாட்டினாலே போதும், சிலதுல ஸ்கேனர் வேணும். கழுவறப்ப ஏதாவது ஹோஸ் கழண்டு கிடக்கான்னும் ஒரு பார்வை. அவசரப்பட்டு, த்ராட்டில் எதுவரைக்கும் மூடணும்னு நிறுத்தற ஸ்டாப் ஸ்க்ரூவைத் திருப்பிடாதீங்க, அது கம்பெனில செட் பண்ணினது.

கேள்வி: ஐடில் அருமை, மெதுவா ஓட்டினா அருமை, முழு பூஸ்ட் வந்தா மட்டும் பட் பட்னு வெட்டுது.

பதில்: பிளக் கேப்பை, அதாவது பொறி தாண்டற இடைவெளியை, பாருங்க. பூஸ்ட்ல சிலிண்டருக்குள்ள அழுத்தம் ஏறுது, பொறி தாண்ட அதிக வோல்டேஜ் வேணும், சாதா இன்ஜினுக்கு வைக்கற 1.1 மில்லிமீட்டர் கேப்ல பொறி அணைஞ்சிடும். டர்போல பொதுவா 0.7, 0.8 தான் வைப்பாங்க, உங்க மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதை வைங்க. அதுக்கப்புறமும் வெட்டினா ராத்திரி இருட்டுல பானெட்டைத் திறந்து வச்சு ஓட விட்டு பாருங்க, காயில்லயோ வயர்லயோ நீலமா பொறி ஓடினா கண்ணுக்கே தெரியும், கையை மட்டும் தள்ளியே வச்சுக்கங்க.