மேசையா, மடியா, கையா? கணினி வாங்குவோர் கேள்விகள்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ரகம்: எதை வாங்குவது? நான் கடை வைத்து விற்பவன் இல்லை, பழுது பார்க்கும் மேசையில் உட்கார்ந்திருப்பவன். அதனால் என் பதில் கடைக்காரர் பதிலிலிருந்து கொஞ்சம் விலகித்தான் இருக்கும். புதுசில் எப்படிப் பறக்கிறது என்பதை அவர் காட்டுவார். நான்காவது வருஷம் என்னிடம் வரும்போது அதைத் திறக்க முடியுமா என்பதுதான் என் கவலை.

மிளகாய் வத்தல், மல்லி மொத்த வியாபாரம். பில் போடவும் டாலி சாப்ட்வேரில் கணக்குப் பார்க்கவும் ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். லேப்டாப் வாங்கினால் ராத்திரி வீட்டுக்கும் எடுத்துப் போகலாம் என்கிறான் மகன். — ஒரு வணிகர், விருதுநகர்

டெஸ்க்டாப்தான், யோசிக்கவே வேண்டாம். வத்தல் மூட்டை இறங்கும் கடையில் தூசி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். லேப்டாப்பின் சின்ன விசிறி அதை உறிஞ்சி உள்ளே மெத்தை மாதிரி படிய வைத்துவிடும். இப்படி வந்த ஒன்றின் அடிமூடியைத் திறந்ததும் எனக்குத் தும்மல் நிற்கக் கால் மணி நேரம் ஆனது! டெஸ்க்டாப் என்றால் பக்கத் தகட்டில் இரண்டு திருகு. மாதம் ஒருமுறை கழற்றி, கரண்டை அணைத்துவிட்டு, புளோயரால் ஊதிவிடலாம்; அதற்கு நான் தேவையில்லை.

கீபோர்டும் ஒரு காரணம். நாள் முழுக்க எண்களைத் தட்டுகிற கடையில் அது சீக்கிரம் தேயும். டெஸ்க்டாப்புக்குச் சில நூறு ரூபாயில் வேறு வாங்கிச் செருகிக்கொள்ளலாம். லேப்டாப்பில் கீபோர்டை மாற்ற, பல மாடல்களில் மொத்தத்தையும் பிரிக்க வேண்டும்.

டெஸ்க்டாப்புக்கு ஒரே பலவீனம் கரண்ட். கரண்ட் போனதும் பேட்டரியில் ஓட வைக்கும் யுபிஎஸ், 600 விஏ திறனில் ஒன்று போட்டால் பத்து நிமிஷமாவது கிடைக்கும். பில்லை முடித்து ஒழுங்காக அணைக்க அது போதும். கணக்கு ஓடிக்கொண்டிருக்கும்போது பட்டென்று அணைந்தால் டேட்டா கெட்டுப்போக வாய்ப்புண்டு. கடையில் ஏற்கெனவே இன்வெர்ட்டர் இருந்தால், பின்பக்கம் ‘யுபிஎஸ்’ என்று ஒரு சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். அதைப் போடாவிட்டால் கரண்ட் மாறும் அந்த நொடியில் கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகலாம். லேசர் பிரிண்டரை மட்டும் யுபிஎஸ்ஸில் மாட்டாதீர்கள், அது சூடேறும்போது இழுக்கிற கரண்டை யுபிஎஸ் தாங்காது.

வீட்டில் கணக்குப் பார்க்கத்தான் வேண்டும் என்றால் பேக்கப்பைப் பென் டிரைவில் எடுத்துப் போகட்டும். கல்லாவை யாராவது தினமும் வீட்டுக்குத் தூக்கிப் போவார்களா?

மகள் இன்ஜினியரிங் சேர்கிறாள், ஹாஸ்டல் வாசம். டேப்லெட் போதாதா? — ஒரு தாயார், தேனி

போதாது. நோட்ஸ் எடுக்க, பாடம் பார்க்க டேப்லெட் நன்றாகத்தான் இருக்கும். புரோகிராம் எழுதுவது, லேப் சாப்ட்வேர் போடுவது எல்லாம் லேப்டாப்பில்தான் நடக்கும். ஆனால் இன்றே வாங்காதீர்கள். எந்தப் பிரிவு என்று தெரிந்து, முதல் மாதம் ஓடட்டும். மெக்கானிக்கல், ஆர்க்கிடெக்சர் என்றால் முப்பரிமாணப் படங்களைக் கையாளும் தனி கிராபிக்ஸ் கார்டு தேவைப்படலாம். கம்ப்யூட்டர் சயின்ஸ், இசிஇ பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் தேவைப்படாது.

16 ஜிபி ரேம் (வேலை நடக்கும்போது பயன்படும் நினைவகம்), 512 ஜிபி எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான சேமிப்பகம்), ஒன்றரைக் கிலோவை ஒட்டிய எடை. கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று: “ரேம் போர்டோடு ஒட்டியதா, ஸ்லாட் இருக்கிறதா?” ஒட்டியது என்றால் 8 ஜிபியில் வாங்கி அப்புறம் ஏற்றிக்கொள்ளலாம் என்ற கதையே கிடையாது. கேமிங் லேப்டாப் கேட்டு அடம்பிடித்தால், அதன் சார்ஜரை ஒருமுறை கையில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். பாதி மோகம் அங்கேயே போய்விடும்.

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது 71. பேப்பர் படிக்க, பேரனோடு வீடியோவில் பேச, கட்டுரை எழுத. டேப்லெட்டா, லேப்டாப்பா? — ஒரு வாசகர், தஞ்சாவூர்

படிப்பதும் பேசுவதும் மட்டும் என்றால் பத்து, பதினோரு அங்குல டேப்லெட்டோடு இந்தப் பதில் முடிந்துவிடும். கட்டுரை என்று ஒரு வார்த்தை போட்டிருக்கிறீர்களே, அதுதான் சிக்கல்.

அப்பா எப்படித் தட்டச்சு செய்கிறார்? பழைய தமிழ்த் தட்டச்சுப் பொறி பழகியவரா, தமிழ்99 பழகியவரா, அல்லது ‘அம்மா’ என்பதை ஆங்கில எழுத்தில் அடித்துத் தமிழாக்குபவரா? தமிழ்99 என்பது 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை. விண்டோஸிலேயே இப்போது அது இருக்கிறது, தனியாக எதுவும் நிறுவ வேண்டாம். விரல் பழகியவருக்குக் கண்ணாடித் திரையில் தட்டுவது தண்டனை. நாளுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் எழுதுபவர் என்றால் நிஜ கீபோர்டு வேண்டும்.

இன்னொன்று. அவர் பழைய கட்டுரைகளை எந்த எழுத்துருவில் வைத்திருக்கிறார் என்று பாருங்கள். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் இருந்தால், டேப்லெட்டில் திறந்ததும் புரியாத ஆங்கில எழுத்துக் குவியலாகத்தான் தெரியும். விண்டோஸில் அந்த எழுத்துருவை நிறுவினால் படிக்கலாம், பிறகு நிதானமாக, எந்தக் கருவியிலும் தெரிகிற யூனிகோடு எழுத்துக்கு மாற்றலாம். இருபது வருஷ எழுத்து ‘அழிந்துபோய்விட்டது’ என்று கலங்கிப்போய் வந்த பெரியவருக்கு, எழுத்துருவை நிறுவிப் பக்கத்தைக் காட்டியபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி போட்டுக்கொண்டார்.

என் தேர்வு: சின்ன டெஸ்க்டாப், 24 அங்குல மானிட்டர், ஒரு வெப்கேம். பைஃபோகல் கண்ணாடி போடுபவர் என்றால் மானிட்டரைத் தாழ்வாக வையுங்கள். உயரத்தில் இருந்தால் கண்ணாடியின் கீழ்ப்பாதி வழியாகப் பார்க்க மோவாயைத் தூக்கிக்கொண்டே இருப்பார், சாயங்காலம் கழுத்து வலிக்கும்.

2014இல் வாங்கிய லேப்டாப். ஆன் ஆகவே ஐந்து நிமிஷம். தூக்கிப் போட்டுவிடலாமா? — கல்லூரி மாணவர், சேலம்

பொறுங்கள். உள்ளே பழைய ஹார்டு டிஸ்க் சுழன்றுகொண்டிருந்தால், முதல் சந்தேகம் அதன் மேல்தான். அதே இடத்தில் பொருந்துகிற சாட்டா வகை 256 ஜிபி எஸ்எஸ்டி மாற்றினால் அதே லேப்டாப் அரை நிமிஷத்துக்குள் எழுந்துவிடும். ரேம் 4 ஜிபி என்றால் 8 ஆக்குங்கள்.

ஆனால் விண்டோஸ் 10க்கான வழக்கமான இலவசப் பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு நின்றுவிட்டது. உங்கள் லேப்டாப்பின் மூளையான புராசஸருக்கு விண்டோஸ் 11 முறைப்படி ஏறாது. இன்டெல் என்றால் 8ஆம் தலைமுறையிலிருந்துதான் கணக்கு. விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். பிரௌசரும் ஆபீஸ் வேலையும் தாராளமாக நடக்கும்.

சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் பார்த்தேன், புதிதின் பாதி விலைகூட இல்லை. நம்பலாமா? — தனியார் ஊழியர், ஆவடி

நம்பலாம், பரிசோதித்துவிட்டு. கம்பெனிகள் மூன்று நான்கு வருஷம் ஓட்டிவிட்டுக் கழிக்கிற லெனோவோ திங்க்பேட், டெல் லேட்டிட்யூட், எச்பி எலைட்புக் வகைகளை மட்டும் பாருங்கள். அலுவலகத்துக்கென்று செய்தவை, எளிதாகத் திறக்கும், உதிரிபாகமும் கிடைக்கும். அதே விலைக்கு வரும் வேகம் குறைந்த செலரான் புராசஸர் போட்ட புது லேப்டாப்பை விட நான் இதைத்தான் எடுப்பேன்.

இன்டெல் புராசஸர் வகையைச் சொல்லும் ஐ5 என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்காதீர்கள், அதன் பின்னால் வரும் எண்ணைப் படியுங்கள். 8250 என்றால் எட்டாம் தலைமுறை, 6300 என்றால் ஆறாம் தலைமுறை. இரண்டுக்கும் ஐ5 என்றுதான் பெயர். நோட்பேடைத் திறந்து ஒவ்வொரு விசையாக அடியுங்கள். மூடியை ஒரு மூலையைப் பிடித்து மெதுவாகத் தூக்குங்கள். கீச்சென்றோ நெறுநெறுவென்றோ சத்தம் வந்தால் கீல் போகப்போகிறது. பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். தயாரித்தபோது இருந்த கொள்ளளவு, இப்போது நிரம்புகிற கொள்ளளவு என்று இரண்டு எண் வரும். இரண்டாவது முதலாவதில் பாதிதான் என்றால், புது பேட்டரி விலையைக் கழித்துப் பேரம் பேசுங்கள்.

கடைசியாக, கடையிலேயே விண்டோஸை ரீசெட் செய்யச் சொல்லி, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பாருங்கள். ஏதாவது கம்பெனி பெயரைக் காட்டி லாகின் கேட்டால் அது இன்னும் அவர்கள் பிடியில் இருக்கிறது என்று அர்த்தம். கிளம்பிவிடுங்கள்.

இரண்டு வருஷமாக லேப்டாப்பை டெஸ்க்டாப் மாதிரி சார்ஜரிலேயே வைத்து வேலை செய்கிறேன். இப்போது டச்பேட் கிளிக் ஆகவில்லை, லேசாக மேலே எழும்பியிருக்கிறது. டச்பேட் மாற்ற எவ்வளவு ஆகும்? — ஒரு வாசகி, கோவை

டச்பேடில் கோளாறு இருக்காது. அதற்கடியில் பேட்டரி உப்பியிருக்கும். இந்தப் பதிலைப் படித்ததும் அணைத்துவிட்டு சார்ஜரைக் கழற்றுங்கள். எழும்பிய இடத்தை அழுத்திச் சமமாக்கப் பார்க்காதீர்கள். லித்தியம் பேட்டரி கிழிந்தால் தீப்பிடிக்கும். மெத்தை மேலோ சோபாவிலோ வைக்காமல் தரையில் வைத்து, சர்வீஸ் ஆளிடம் சேர்த்துவிடுங்கள்.

புது பேட்டரி போட்ட பிறகு, 80 சதவீதத்தோடு சார்ஜ் நிற்கிற மாதிரி ஒரு அமைப்பு உங்கள் மாடலில் இருக்கிறதா பாருங்கள், பல மாடல்களில் உண்டு. கழற்றிய பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் மட்டும் போட வேண்டாம் என்று அவரிடமும் சொல்லிவிடுங்கள்.