கருவும் கருவூலமும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: புஷ் அதிபராக இருந்தபோது அமெரிக்காவில் கரு ஸ்டெம் செல் ஆய்வு தடை செய்யப்பட்டதாகப் படித்தேன். அப்படியானால் அந்த நாட்டிலேயே அந்த ஆய்வு எப்படி வளர்ந்தது?
(ஒரு வாசகர், திருநெல்வேலி)

பதில்: ஆய்வு தடை செய்யப்படவில்லை, அதற்கு அரசுப் பணம் செல்வதுதான் கட்டுப்படுத்தப்பட்டது. 1996 முதல் அமெரிக்கச் சுகாதாரத் துறையின் நிதி ஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஆண்டுதோறும் டிக்கி–விக்கர் திருத்தம் என்ற ஒரு பிரிவு சேர்க்கப்பட்டு வருகிறது. மனிதக் கருவை ஆய்வுக்கென்றே உருவாக்கவோ, கரு அழியும்படியான ஆய்வை நடத்தவோ மத்திய அரசின் பணத்தைச் செலவிடக் கூடாது என்பது அதன் சாரம். இங்கே கரு என்பது, கருவுற்று ஐந்தாறு நாட்களான, ஏறத்தாழ நூறு, நூற்றைம்பது செல்கள் கொண்ட ஒரு நுண்ணிய உருண்டை. அதன் உட்புறத்தில் ஒரு பக்கமாக ஒட்டியிருக்கும் செல் திரளைப் பிரித்தெடுத்தால் கரு அழிந்துவிடும். எடுத்த செல்களோ, அதாவது கரு ஸ்டெம் செல்களோ, உடலின் எந்தத் திசுவாகவும் மாறும் திறனை இழக்காமல் ஆண்டுக்கணக்கில் பெருகிக்கொண்டே இருக்கும். 1998-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜேம்ஸ் தாம்சன் இதை முதன்முதலில் மனிதக் கருவில் செய்து காட்டியபோது, ஜெரான் என்ற தனியார் நிறுவனத்தின் பணமே அதற்குக் கைகொடுத்தது.

2001 ஆகஸ்ட் 9 அன்று டெக்சாஸில் உள்ள தம் பண்ணையிலிருந்து தொலைக்காட்சியில் பேசிய புஷ், அந்த நாளுக்கு முன்பே உருவாக்கப்பட்டுவிட்ட செல் வரிசைகளுக்கு (ஒரு கருவிலிருந்து எடுத்துத் தொடர்ந்து பெருக்கப்படும் செல் தொகுதிகளுக்கு) மட்டும் அரசு நிதி உண்டு என்றும், இனி அழிக்கப்படும் கருக்களிலிருந்து வருபவற்றுக்கு இல்லை என்றும் அறிவித்தார். தகுதியுள்ளவையாக 64 வரிசைகள் பட்டியலிடப்பட்டன. அவற்றுள் பத்து இந்தியாவைச் சேர்ந்தவை: மும்பை ரிலையன்ஸ் லைஃப் சயின்சஸில் ஏழு, பெங்களூரு தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் மூன்று. ஆனால் ஆய்வாளர்களின் கைக்கு உண்மையில் கிடைத்தவை இருபது சொச்சமே. அவையும் பெரும்பாலும் எலிச் செல்களின்மேல் வளர்க்கப்பட்டவை என்பதால், நோயாளிகளின் உடலில் செலுத்துவதற்கு ஏற்றவைதாமா என்ற ஐயம் தொடக்கத்திலிருந்தே இருந்தது.

கேள்வி: கருவை உயிராக மதிக்கும் ஒருவரின் வரிப்பணத்தை அதை அழிக்கும் ஆய்வுக்குச் செலவிடாமல் இருப்பது நியாயம்தானே?
(கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

பதில்: இந்த வாதத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது, மனச்சான்றின் பெயரால் எழும் ஆட்சேபத்தை எந்த மக்களாட்சியும் காதுகொடுத்துக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கொள்கை எந்தக் கருவைக் காப்பாற்றியது என்று கேட்டுப் பாருங்கள். செயற்கைக் கருத்தரிப்பு மையங்களில் தம்பதியருக்குத் தேவைப்படாமல் உறைநிலையில் கிடக்கும் கருக்களைக் கழிவாக அகற்றுவதை அந்த அரசு தடுக்கவில்லை. தனியார் பணத்தில் அவற்றை ஆய்வுக்குப் பயன்படுத்துவதையும் தடுக்கவில்லை. பெற்றோரின் ஒப்புதலோடு தரப்படும் மீந்த கருக்களிலிருந்து வரும் செல் வரிசைகளின் ஆய்வுக்கும் அரசு நிதி கிடைக்க வழிசெய்யும் மசோதாவைக் கருக்கலைப்பை உறுதியாக எதிர்த்த குடியரசுக் கட்சி செனட்டர் ஆரின் ஹாட்ச்சே ஆதரித்தார். 2006 ஜூலையில் 63-க்கு 37 என்ற வாக்குகளில் அது செனட் சபையில் நிறைவேறியது. மறுநாளே புஷ் அதை நிராகரித்தார். பதவியேற்று ஐந்தரை ஆண்டுகளில் அவர் பயன்படுத்திய முதல் வீட்டோ அதுதான். உறைநிலையிலிருந்து தத்தெடுக்கப்பட்ட கருக்களிலிருந்து பிறந்த குழந்தைகள் அந்த நிகழ்ச்சிக்கு அழைத்து வரப்பட்டிருந்தார்கள். அக்குழந்தைகளின் வாழ்வு போற்றத்தக்கதே. எனினும் தத்தெடுக்க யாரும் இல்லாத கருக்களைப் பற்றி அந்த மேடையில் பதில் இல்லை.

என்னை அதிகம் உறுத்துவது வேறொன்று. அரசுப் பணம் போகும் இடத்துக்கு அரசின் விதிகளும் போகும். 2009-இல் புஷ்ஷின் கட்டுப்பாட்டை நீக்கிய ஒபாமாவின் ஆணைக்குப் பின், மருத்துவ ஆய்வுக்கு அரசு நிதி வழங்கும் தேசிய சுகாதார நிறுவனங்கள் வெளியிட்ட நெறிமுறைகள், செல்கள் எடுக்கப்படும் கரு கருத்தரிப்புக்கென உருவாக்கப்பட்டு மீந்ததாக மட்டுமே இருக்க வேண்டும், அதைத் தருவோர் எழுத்துமூலம் ஒப்புதல் அளிக்க வேண்டும், அதற்காகப் பணமோ பொருளோ கைமாறக் கூடாது என்று வரையறுத்தன. அரசு ஒதுங்கி நின்ற எட்டாண்டுகளில் இந்தக் கண்டிப்பை நாடு முழுவதற்கும் பொதுவாக வைக்கும் வாய்ப்பு நழுவியது. ஆய்வகங்களின் பாடோ பெரும்பாடு. அரசு நிதியில் வாங்கிய நுண்ணோக்கியையும் குளிர்பெட்டியையும் புதிய செல் வரிசைகளுக்குத் தொடக் கூடாது என்பதால், ஒரே வேலைக்கு இரண்டு தொகுதிக் கருவிகளும் இரண்டு கணக்குப் புத்தகங்களும் வைக்க வேண்டியிருந்தது. ஹார்வர்டின் டக்ளஸ் மெல்ட்டன் 2004-இல் அரசுப் பணம் ஒரு டாலரும் இல்லாமல் 17 புதிய வரிசைகளை உருவாக்கிப் பிற ஆய்வாளர்களுக்கு வழங்கினார். அவருடைய பிள்ளைகள் இருவருக்கு முதல் வகை (டைப் 1) நீரிழிவு. அதே ஆண்டு கலிஃபோர்னியா வாக்காளர்கள் மாநிலக் கடன் பத்திரங்கள் வழியாக 300 கோடி டாலர் தரச் சம்மதித்தார்கள். அத்தகைய வசதி இல்லாத மாநிலங்களின் இளம் ஆய்வாளர்கள் என்ன செய்திருப்பார்கள் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

கேள்வி: ஒபாமா அனுமதித்த பிறகும் நீதிமன்றம் தடை விதித்தது ஏன்?
(ஒரு வாசகர், மதுரை)

பதில்: டிக்கி–விக்கர் திருத்தம் அப்படியே இருந்ததுதான் காரணம். வயதுவந்தோரின் ஸ்டெம் செல்களை ஆராயும் இருவர், நிதிப் போட்டியில் தாங்கள் பாதிக்கப்படுவதாக வழக்குத் தொடுத்தார்கள். 2010 ஆகஸ்டில் நீதிபதி லாம்பர்த் கரு ஸ்டெம் செல் ஆய்வுக்கான அரசு நிதிக்கு இடைக்காலத் தடை விதித்தார். கருவை அழிப்பதும், முன்பே பிரித்தெடுத்த செல்லை ஆராய்வதும் வெவ்வேறு செயல்கள் என்ற அரசின் விளக்கத்தை மேல்முறையீட்டு நீதிமன்றம் 2011-இல் ஏற்றது. 2013 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கை விசாரிக்க மறுத்ததோடு விவகாரம் முடிந்தது.

கேள்வி: தோல் செல்லையே ஸ்டெம் செல்லாக மாற்றிவிட முடிகிறதே, பிறகு இந்தச் சண்டை வீண்தானே?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கோவை)

பதில்: ஜப்பானின் ஷின்யா யமனாக்கா 2006-இல் எலியிலும் 2007-இல் மனிதரிலும் அதைச் செய்து 2012-இல் நோபல் பரிசு பெற்றார். அவர் பயன்படுத்திய நான்கு மரபணுக்களைத் தேர்ந்தெடுக்க உதவியது கரு ஸ்டெம் செல்களைப் பற்றிய அறிவுதான். மாற்றப்பட்ட செல் சரியாக மாறியதா என்று சோதிக்கும் உரைகல்லும் அவையே. 2007-இல் அதே சாதனையைத் தனியாக நிகழ்த்திய மற்றோர் ஆய்வுக் குழு, 1998-இல் கருவிலிருந்து செல்களைப் பிரித்த அதே தாம்சனுடையது. ஆகவே ஒன்று வந்ததால் மற்றது வீண் என்று சொல்ல மாட்டேன். மெல்ட்டனின் ஆய்வகத்தில் தொடங்கிய பணியின் தொடர்ச்சியாக, ஸ்டெம் செல்களிலிருந்து வளர்த்த இன்சுலின் சுரக்கும் செல்கள் முதல் வகை நீரிழிவு நோயாளிகளுக்குச் செலுத்தப்பட்டன. 2025-இல் வெளியான முடிவுகளின்படி, முழு அளவு பெற்ற 12 பேரில் 10 பேருக்கு ஓராண்டுக்குப் பின் இன்சுலின் ஊசி தேவைப்படவில்லை.