பாட்டனார் மேல் விழுந்த பழி

அன்புள்ள ஐயா,

என் கொள்ளுப்பாட்டனார் பர்மாவில் லேவாதேவி செய்தவர். இன்று எங்களுக்கு மிஞ்சியது செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீட்டில் ஒரு பங்கு மட்டுமே. பாட்டனாரின் ஊதாரித்தனத்தால்தான் எல்லாம் போயிற்று என்கிறார் அப்பா. மூன்றாம் தலைமுறையில் செல்வம் கரைவது விதியா? என் மகனுக்குப் பணத்தின் அருமையை எந்த வயதில் சொல்லித்தரலாம்?

சொக்கலிங்கம்

அன்புள்ள சொக்கலிங்கம்,

மகனுக்கு எப்போது வேண்டுமானாலும் சொல்லிக்கொடுங்கள். விதி என்று ஒன்றும் கிடையாது. ஃபுளோரன்ஸ் நகரின் 1427-ஆம் ஆண்டு வரிப்பதிவேட்டை 2011-இன் வரிக்கணக்கோடு ஒப்பிட்ட இரு பொருளியலாளர்கள், அன்று முன்வரிசையில் இருந்த குடும்பப்பெயர்கள் இன்றும் அங்கேயே இருக்கக் கண்டார்கள்.

என்னை உறுத்துவது வேறு. 1930-இல் கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அங்கே லேவாதேவி செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் வசம் இருந்த நிலம் ஏறத்தாழ 6 சதவீதம். 1937-இல் 25 சதவீதம். இதைச் செழிப்பு என்று எண்ணிவிடாதீர்கள். உலகப் பெருமந்தத்தில் நெல்விலை சரிந்து, கடன் வாங்கிய உழவர்கள் கட்ட வழியில்லாமல் நிற்க, ரொக்கமாகத் திரும்பவேண்டிய மூலதனம் வயலாக வந்து சேர்ந்தது. வயலைக் கப்பலில் ஏற்ற முடியுமா? 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தது. 1948-இல் விடுதலையடைந்த நாடு நிலங்களைத் தேசியமயமாக்கச் சட்டம் இயற்றியது. போருக்கு முன்பே மூலதனத்தை ஊருக்குத் திருப்பியவர்கள் தப்பினார்கள். 1900-இல் பர்மாவின் மோல்மேன் நகரில் லேவாதேவிக் கடை தொடங்கிய முருகப்பா குடும்பம் 1949-இல் சென்னையில் சைக்கிள் ஆலை வைத்தது அப்படித்தான். உங்கள் பாட்டனார் சீட்டாடினாரா என்று எனக்குத் தெரியாது. ஆடியிருந்தாலும், ஐராவதி டெல்டாவின் வயல்களைக் காரைக்குடியில் உட்கார்ந்து ஆடித் தொலைத்திருக்க முடியாது.

சிக்கனம் காக்கும் என்பவர்களுக்கு என் பள்ளித்தோழனின் அப்பத்தாவைத் தெரியாது. மணமானதும் அவரையும் கணவரையும் அதே வளவில், அதாவது அதே பெரிய கூட்டுக்குடும்ப வீட்டில், 'வேறு வைத்தார்கள்': தனி அடுப்பு, ஓராண்டுக்கான அரிசி, அளந்து கொடுத்த செலவுப்பணம். எண்பது வயதிலும் விறகுக்கும் உப்புக்கும் நோட்டில் கணக்கெழுதிய அந்த அம்மாளின் வீட்டுப் பர்மா மூலதனத்திலும் ஒரு காசு திரும்பவில்லை. இறந்தவரை ஊதாரி என்பது உங்கள் அப்பாவுக்கு எளிது, ஏனென்றால் மறுத்துப்பேச அவர் வரமாட்டார். நீங்களும் அதையே பேரன்வரை கொண்டுபோகப் பார்க்கிறீர்கள்.

வீட்டில் பழைய பேரேடுகள் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். 1930-க்குப் பிந்தைய ஐந்தொகையில் (சொத்து, கடன் கணக்கில்) ரொக்கம் எவ்வளவு, நிலம் எவ்வளவு என்று அப்பாவை அருகில் உட்காரவைத்துக் கூட்டிப் பாருங்கள்.