கிட் சரியில்லையா, எடுத்த இரத்தம் சரியில்லையா?

கேள்வி: என் பண்ணையில் 40 பன்றிகள் இருந்தன. சென்ற வாரம் இரண்டு தாய்ப்பன்றிகள் கடும் காய்ச்சலில் தீவனம் எடுக்காமல் படுத்தன. காதும் அடிவயிறும் செந்நீலமாகி நான்காம் நாள் இறந்தன. அதற்கு முந்தைய நாள், மருந்து வியாபாரி கொடுத்த எதிர்ப்பொருள் கிட்டில் சோதித்தபோது ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 'இல்லை' என்று வந்தது. ஆய்வகத்துக்கு அனுப்பிய இரத்தமோ சோதனைக்குத் தகுதியற்றது என்று திரும்பிவிட்டது. இதைவிடத் துல்லியமான கிட் எது? அதிலும் 'இல்லை' என்று வந்தால் மற்றவற்றை விற்றுவிடலாமா?

பதில்: அந்தக் கிட் வைரஸைத் தேடுவதன்று, வைரஸை எதிர்த்து உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சலில் எதிர்ப்பொருள் தென்படத் தொற்றியதிலிருந்து 7 முதல் 10 நாள் ஆகும். இதே அறிகுறிகளைக் காட்டும் வேறொரு வைரஸ் நோயான கிளாசிக்கல் பன்றிக் காய்ச்சலில் இரண்டு மூன்று வாரங்கள்கூட ஆகலாம். வீரியமுள்ள வைரஸ் தாக்கிய பன்றி பெரும்பாலும் அதற்குள் இறந்துவிடுகிறது. காய்ச்சலில் கிடக்கும் பன்றிக்கு இந்தக் கிட்டை விற்றவருக்கு இது தெரியாதென்றால் அவர் விற்கக் கூடாது. தெரிந்தே விற்றார் என்றால் அவர் கடைப் படியையே மிதிக்காதீர்கள். வைரஸைத் தேடும் விரைவுக் கிட்டுகளும் உண்டு. ஆனால் அவை இரத்தத்தில் வைரஸ் மிகுந்திருக்கும்போதுதான் காட்டும். வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் பிசிஆர் என்ற ஆய்வகச் சோதனைக்கு ஈடாகா.

எந்தப் பன்றியிடம், எந்த நாளில், எந்தக் குழாயில் இரத்தம் எடுப்பது என்றே தாங்கள் கேட்டிருக்க வேண்டும். ஆய்வக இயந்திரம் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும், குழாயில் இல்லாததை அது கண்டுபிடிக்காது.

ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் வைரஸில் பெரும்பகுதி சிவப்பணுக்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆகவே பிசிஆருக்கு, உறைந்த இரத்தத்திலிருந்து பிரியும் தெளிநீரான சீரத்தைவிட உறையாத முழு இரத்தமே மேல். அதை ஊதா மூடியிட்ட, இரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ மருந்திட்ட குழாயில் எடுக்க வேண்டும். உறைவைத் தடுக்கும் இன்னொரு மருந்தான ஹெபாரின் இட்ட குழாய் வேண்டாம். ஹெபாரின் பிசிஆர் வினையையே தடுக்கும். எதிர்ப்பொருள் பார்க்கும் எலிசா என்ற ஆய்வகச் சோதனைக்குச் சிவப்பு மூடிக் குழாயில் தனியாக எடுத்து, அசைக்காமல் உறையவிட்டுச் சீரத்தைப் பிரிக்க வேண்டும். இரத்தம் எடுத்ததும் ஊசியைக் கழற்றிவிட்டு, சிரிஞ்சைக் குழாயின் உட்சுவரில் சாய்த்து மெல்ல வழியவிடுங்கள். அவசரத்தில் ஊசி வழியாகவே பீய்ச்சுவது, குழாயைக் குலுக்குவது, ஐஸ் கட்டியை ஒட்டி வைத்துப் பனிக்கட்டியாக இறுகவைப்பது ஆகிய மூன்றுமே சிவப்பணுக்களை உடைத்துவிடும். நல்ல சீரம் வைக்கோல் நிறத்தில் இருக்கும். தங்களுடையது சிவந்து போயிருக்கும் என்பதே என் ஊகம். ஈடிடிஏ குழாயை மட்டும் எட்டுப் பத்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும்.

ஊசியைப் பற்றி நான் எழுதாத பதிலே இல்லை என்று சிலர் சலித்துக்கொள்வதுண்டு, மீண்டும் எழுதுகிறேன். ஒரு பன்றிக்கு ஒரு ஊசி, விதிவிலக்கே கிடையாது. மலிவாக இரத்தம் எடுத்துத் தருகிறேன் என்று பண்ணை பண்ணையாக, அதே காலணியோடும் அதே சுருக்குக் கயிற்றோடும் வருபவரைக் கதவுக்கு வெளியிலேயே நிறுத்துங்கள். ஒரு துளி இரத்தத்தில் வரும் வைரஸ், நோயில்லாத கொட்டிலிலும் நோயை உண்டாக்கிவிடும். நூறு ஊசிகளின் விலை ஒரு தாய்ப்பன்றியின் விலைக்கு அருகில்கூட வராது.

நலமாகத் தெரியும் நான்கைந்து பன்றிகளிடம் எடுத்துப் பார்த்து நிம்மதி அடைவதும் வீண். பெரிய மந்தையில் நூற்றுக்கு ஐந்து பன்றிகளுக்குத் தொற்று இருந்தால், அவற்றில் ஒன்றையாவது 95 சதவீத உறுதியோடு பிடிக்க 59 பன்றிகளைச் சோதிக்க வேண்டியிருக்கும். அதைவிடக் காலையிலும் மாலையிலும் வெப்பமானி வைத்து, 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுபவற்றை முதலில் எடுப்பதே அறிவுடைமை. பிழைத்தவற்றிடம் இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் எடுத்து, எதிர்ப்பொருள் ஏறியிருக்கிறதா என்று இரு சீரங்களையும் ஒப்பிட வேண்டும். குழாயோடு காய்ச்சல் கண்ட நாளையும், கிளாசிக்கல் காய்ச்சலுக்குத் தடுப்பூசி போட்ட நாளையும் எழுதி அனுப்புங்கள். வழக்கமான உயிருள்ள தடுப்பூசியால் வந்த எதிர்ப்பொருளையும் நோயால் வந்ததையும் எலிசா பிரித்துச் சொல்லாது. இளங்குட்டிகளிடம் தாயின் சீம்பால் வழி வந்த எதிர்ப்பொருளும் இருக்கும்.

விற்பனையைப் பொறுத்தவரை, விற்கக் கூடாது. இவ்விரு காய்ச்சல்களும் அரசுக் கால்நடை மருத்துவருக்கு அறிவித்தே தீர வேண்டியவை. இன்றே அறிவித்து, இரத்தத்தை அவர் கையால் எடுக்கச் செய்யுங்கள். ஆப்பிரிக்கக் காய்ச்சல் தொற்றியதிலிருந்து அறிகுறி தோன்றும் வரையிலான அரும்பும் காலம் 4 முதல் 19 நாள் வரை நீள்வதால், இன்று 'இல்லை' என்று வரும் பன்றி அடுத்த வாரம் படுக்கலாம். இனி ஏதேனும் இறந்தால் அறுத்துப் பார்க்காமல் அப்படியே மூடி வைத்து அவருக்காகக் காத்திருங்கள். சிந்தும் இரத்தத்தில் அந்த வைரஸ் மாதக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும்.