ஆழ்கடலில் யாரும் பார்க்காத உயிர்கள் இருப்பதை நினைத்தால் உங்களுக்குப் பயமாக இல்லையா?

இருந்தது. படகில் போனால் ஓரத்தில் உட்காரவே மாட்டேன். கறுத்த தண்ணீரைப் பார்த்தாலே வயிற்றைப் பிசையும். கொலாசல் ஸ்க்விட் என்கிற கணவாயைப் பற்றிப் படித்த பிறகுதான் அந்தப் பயம் இடம் மாறியது.

அண்டார்டிகாவைச் சுற்றியுள்ள கடலில் வாழ்வது. முதுகெலும்பில்லாத உயிர்களில் இதைவிடக் கனமானது கிடையாது. 1925-இல் இதற்குப் பெயர் வைத்த விலங்கியலாளர் ராப்சனுக்குக் கிடைத்ததே ஸ்பெர்ம் திமிங்கலத்தின் வயிற்றில் இருந்த, இந்தக் கணவாயின் கைகளின் துண்டுகள்தான். பிறகும் பல காலம் திமிங்கல வயிற்றில்தான் இதைத் தேட வேண்டியிருந்தது. கணவாயின் உடம்பு செரித்துப் போனாலும், கிளி மூக்கு மாதிரி இருக்கும் அதன் வாய் அலகு செரிக்காது. (கடத்தல் செய்திகளில் வரும் அம்பர்கிரிஸ், அதாவது திமிங்கலக் குடலில் உண்டாகும் மெழுகு போன்ற பொருள்கூட, இப்படிச் செரிக்காத கணவாய் அலகுகளைச் சுற்றி உருவாவதுதான்.)

2007-இல் அண்டார்டிகாவை ஒட்டிய ராஸ் கடலில் மீன்பிடிக் கப்பல் ஒன்றின் தூண்டிலில் சிக்கிய மீனைத் தின்றபடி ஒன்று மேலே வந்தது. 495 கிலோ. கண் மட்டும் சுமார் 27 செ.மீ. குறுக்களவு, ஃபுட்பாலை விடப் பெரிது!

வெயிலே எட்டாத ஆழத்தில் இவ்வளவு பெரிய கண் எதற்கு? இரை தேட என்றுதான் நானும் நினைத்தேன். ஆய்வாளர்கள் 2012-இல் சொன்ன விளக்கம் வேறு. திமிங்கலம் பாய்ந்து வரும்போது வழியிலுள்ள நுண்ணுயிர்கள் கலைந்து மினுங்கும். அந்த மங்கல் ஒளியை நூறு மீட்டருக்கு அப்பாலேயே கண்டு தப்பி ஓடத்தான் அந்தக் கண்ணாம். நான் எதை நினைத்துப் பயந்தேனோ, அது தன் வாழ்நாளெல்லாம் இருட்டில் விழித்துக்கொண்டு வேறொன்றுக்குப் பயந்துகொண்டிருக்கிறது. இதைப் படித்த அன்று எனக்கு அதன் மேல் பாசமே வந்துவிட்டது.

அதை உயிரோடு அதன் இடத்திலேயே முதன்முதலில் படம் பிடித்தது 2025 மார்ச்சில்தான். பெயர் வைத்து நூறு வருஷம் கழித்து! தெற்கு அட்லாண்டிக்கில் உள்ள தெற்கு சாண்ட்விச் தீவுகளுக்கு அருகே, 600 மீட்டர் ஆழத்தில், ஆளில்லாக் கலத்தின் கேமராவில் பட்டது ஒரு குட்டி. 30 செ.மீ. இருக்கும். உடம்பு கண்ணாடி மாதிரி, உள்ளே இருப்பதெல்லாம் தெரிகிறது. கைகளில் மட்டும் துருவின் சிவப்பு. அந்த வீடியோவை எத்தனை தடவை ஓட்டிப் பார்த்தேன் என்று கணக்கில்லை.

வளர்ந்த ஒன்றை அந்த ஆழத்தில் இன்னும் யாரும் படமெடுக்கவில்லை. அந்தக் கண்ணுக்கு நம் விளக்கு வெகு தூரத்திலேயே தெரிந்துவிடுமோ என்னவோ. இதன் உறவான ராட்சதக் கணவாயை 2012-இல் ஜப்பானுக்குத் தெற்கே பசிபிக் ஆழ்கடலில் வீடியோ எடுத்தபோது, அதன் கண்ணுக்குத் தெரியாத சிவப்பு விளக்கைத்தான் பயன்படுத்தினார்கள். இதற்கும் யாராவது அப்படிப் பொறுமையாகக் காத்திருக்க வேண்டும்.