ஹார்ன்பி கோட்டைக் கடிதங்கள்: கேள்வி பதில்

முதலில் வழக்கு. இங்கிலாந்தின் லங்காஷயரில் ஹார்ன்பி கோட்டைக்கு உரிமையாளரான ஜான் மார்ஸ்டன் 1826இல் இறந்தார். சொத்துகளைத் தம் காரியஸ்தர் ஜார்ஜ் ரைட்டுக்குச் சாதகமாக எழுதிவைத்திருந்தார். உயில் எழுதும் அளவுக்கு மார்ஸ்டனுக்குப் புத்தித் தெளிவு இல்லை என்று வழக்காடினார் சட்டப்படி வாரிசான அட்மிரல் டேதம். தெளிவு இருந்ததற்குச் சான்றாக, மார்ஸ்டனுக்குப் பிறர் எழுதிய பழைய கடிதங்களை நீட்டினார் ரைட். அங்கே அப்போது கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரபுக்கள் சபை, கடிதங்களைச் சான்றாக ஏற்க முடியாது என்று 1838இல் முடிவு சொன்னது.

கேள்வி: கடிதங்களில் அப்படி என்ன இருந்தது?

பெரிதாக ஒன்றுமில்லை; ரைட் தரப்பின் பலமே அதுதான். 1784இல் ஓர் உறவினர் அமெரிக்காவின் அலெக்சாண்டிரியாவிலிருந்து எழுதியது ஒன்று. 1786இல் ஒரு பாதிரியார், ஒரு தகராறைத் தீர்த்துக்கொள்ள உங்கள் வக்கீலிடம் சொல்லுங்கள் என்கிறார். 1799இல் இன்னொரு பாதிரியார் பதவி விலகும்போது நன்றி சொல்கிறார். புத்தி மட்டானவருக்கு இப்படியெல்லாம் யார் எழுதுவார்கள் என்று கேட்டார்கள்.

கேள்வி: நியாயமான வாதம்தானே? ஏன் தள்ளினார்கள்?

எழுதியவர்கள் யாரும் அப்போது உயிருடன் இல்லை. "மார்ஸ்டன் தெளிவானவர்" என்று அவர்கள் நேரடியாகச் சொல்லியிருந்தாலே, சத்தியப்பிரமாணமும் குறுக்கு விசாரணையும் இல்லாத அந்தச் சொல் செவிவழிச் சான்று என்று தள்ளப்பட்டிருக்கும். சொல்லாமல் உணர்த்தியது மட்டும் எப்படி உள்ளே வரும்? நீதிபதி பார்க் ஓர் உதாரணம் காட்டினார்: கப்பலை முழுவதும் சோதித்துவிட்டுக் குடும்பத்தோடு அதில் ஏறுகிறார் கேப்டன். கப்பல் உறுதியானது என்பதற்கு அதுவும் சான்றாகாது. தர்க்கம் கூர்மையானதுதான். ஆனால் குடும்பத்தையே ஏற்றிய கேப்டனை நான் நம்பியிருப்பேன்.

கேள்வி: டேதம் தரப்பு சொன்னபடி, தெருப் பையன்கள் "பைத்தியக்கார மார்ஸ்டன்" என்று கத்தியது மட்டும் எப்படிச் சான்றாக ஏறியது?

அதைப் பார்த்தவர்கள் கூண்டில் ஏறிச் சொன்னார்கள். அவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய முடிந்தது. ஆனாலும் எனக்கு இது நெருடுகிறது. கேலி செய்த பையன்களை யார் குறுக்கு விசாரணை செய்தார்கள்? கடிதங்களைப் படித்து மார்ஸ்டன் பதில் எழுதியதையோ ஏதாவது செய்ததையோ நிரூபித்திருந்தால், அவையும் உள்ளே வந்திருக்கும்.

கேள்வி: இன்றும் அங்கே இதே விதியா?

சிவில் வழக்குகளில் இல்லை. 1995ஆம் ஆண்டு சிவில் சாட்சியச் சட்டத்துக்குப் பின் செவிவழி என்பதற்காகவே தள்ளமாட்டார்கள். எடை எவ்வளவு என்பது நீதிபதி கையில்.

கேள்வி: தாத்தாவைத் தத்தெடுத்தது பற்றி அவருடைய பெரியப்பா எழுதிய கடிதம் எங்கள் பரணில் கிடைத்தது. நம் நீதிமன்றத்தில் செல்லுமா, ஐயா?

வழி உண்டு. இரத்த உறவு, திருமணம், தத்து பற்றி, அதை அறியக்கூடிய நிலையில் இருந்து இறந்துபோனவர் எழுதியதை 1872ஆம் ஆண்டு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 32ஆம் பிரிவு ஏற்றது. 1.7.2024 முதல் நடப்பிலுள்ள புதிய சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தில் அது 26ஆம் பிரிவு. நிபந்தனை ஒன்று: தகராறு எழும் முன்பே எழுதியிருக்க வேண்டும். ஆகவே உறையைத் தூக்கி எறியாதீர்கள். தபால் முத்திரையின் தேதி உங்களுக்குக் கைகொடுக்கும். முப்பது ஆண்டு கடந்து, இருக்க வேண்டிய இடத்திலிருந்து வந்த ஆவணம் என்றால், கையெழுத்து உண்மையானது என்று நீதிமன்றம் அனுமானிக்கலாம், கட்டாயமில்லை. பரணிலிருந்து எடுத்தவர் யார், எப்போது என்பதை இன்றே எழுதிவையுங்கள். லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.