சோபாவுக்கு ஏற்ற ஓவியம்

கேள்வி: புதிதாகக் கட்டிய வீட்டின் வரவேற்பறையில் ஓர் அசல் ஓவியம் மாட்ட ஆசைப்படுகிறோம். சோபாவின் நிறத்தோடு அது ஒத்துப்போக வேண்டும் என்கிறார் உள்ளலங்காரம் செய்பவர். நாளைக்கு விற்றாலும் போட்ட பணம் திரும்ப வேண்டும் என்கிறார் என் கணவர். எதை வாங்கலாம், எங்கே மாட்டலாம்? (ஒரு வாசகி, திருச்சி)

பதில்: உங்கள் கடிதத்தில் சோபா இருக்கிறது, சுவர் இருக்கிறது, விற்பனை விலைகூட இருக்கிறது, ஓவியத்தைப் பற்றித்தான் ஒரு சொல்லும் இல்லை. ‘அசல்’ என்ற சொல்லை உங்கள் கணவர் வட்டிக்கடைப் பொருளில் எடுத்துக்கொண்டுவிட்டார் போலும். வளர்ந்துவரும் ஓவியரின் படைப்பு பத்து ஆண்டுகளில் என்ன விலைக்குப் போகும் என்று அந்த ஓவியராலேயே சொல்ல முடியாது. ஆகவே, போனால் போகட்டும் என்று விடக்கூடிய தொகைக்கு மேல் செலவழிக்காதீர்கள். சோபாவின் உறையை எப்படியும் சில ஆண்டுகளில் மாற்றுவீர்கள், அப்போது ஓவியத்தையும் மாற்றுவதாக உத்தேசமா?

முதலில் பார்த்துப் பழகுங்கள். சென்னைக்குப் போகும்போது ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டலம் ஓவியர் கிராமத்தில் அரை நாள் செலவிடுங்கள். ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரின் முன்முயற்சியில் 1966இல் உருவான அந்தக் கிராமத்துக்கு, ஓவியர்கள் மெழுகு பூசிச் சாயமேற்றும் பாத்திக் துணிகளும் கைவினைப் பொருட்களும் செய்து விற்ற பணத்தில்தான் நிலம் வாங்கப்பட்டது. அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால், உங்களுக்குப் பக்கத்திலேயே கும்பகோணத்தில் அரசு கவின்கலைக் கல்லூரி இருக்கிறது. மாணவர் கண்காட்சி நடக்கும்போது போய், எந்தப் படத்தின் முன்னால் உங்கள் கால் தானாக நிற்கிறது என்று கவனியுங்கள். வீடு திரும்பி ஒரு வாரம் கழித்தும் அந்தப் படம் நினைவில் நின்றால் விலை கேளுங்கள்.

அசலா என்பதையும் பார்த்துவிடுங்கள். கேன்வாஸில் கணினி அச்செடுத்து, அதன்மேல் நிறமற்ற பசையைத் தூரிகையால் இழுத்து, எண்ணெய் வண்ணம் என்று விற்கிறார்கள். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் தூரிகைத் தடம் ஒரு பக்கமும் வண்ணத்தின் விளிம்பு வேறு பக்கமும் போவது தெரியும். உருப்பெருக்கிக் கண்ணாடியில் சிறு புள்ளிகள் தெரியும். ஆனால் அச்சென்றாலே போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஓவியரே உலோகத் தகட்டில் உருவாக்கி, எண்ணிக்கையை வரையறுத்து எடுத்த அச்சுகளும் அசல்தான். கீழே பென்சிலில் 7/25 என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தால், இருபத்தைந்தில் ஏழாவது என்று பொருள். கைக்கு எட்டும் விலையில் தொடங்க விரும்புகிறவர்களுக்கு நான் சொல்வது இவற்றைத்தான்.

மாட்டும் இடத்தைப் பற்றி அடிபட்டுத் தெரிந்துகொண்டவன் நான். மேற்கு ஜன்னலுக்கு எதிரே ஒரு நீர்வண்ண ஓவியத்தை மாட்டி வைத்திருந்தேன். சட்டம் ஆட்டம் கண்டதால் ஒருநாள் கழற்றினால், ஓரத்து அட்டை மறைத்திருந்த விரற்கடை அகலத்தில் மட்டும் வானம் அடர்நீலமாக இருந்தது. மற்ற இடமெல்லாம் நீர்மோர் நிறத்துக்கு வந்திருந்தது. தினமும் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அது வெளுத்ததே தெரியவில்லை. வெயில் நேராக விழும் சுவரும், மழைக்காலத்தில் ஓதம் ஏறும் வெளிச்சுவரும் வேண்டாம். தாள் ஓவியமென்றால் கண்ணாடி அதன்மேல் ஒட்டாதபடி அமிலமற்ற அட்டை வைத்துச் சட்டம் போடச் சொல்லுங்கள். தஞ்சாவூர் ஓவியமே போதும் என்று முடிவெடுத்தால் பூஜையறையில் விளக்குக்கு நேர் மேலே வைக்காதீர்கள்; பலகைமேல் துணி ஒட்டிச் சுண்ணப்பசை பூசிச் செய்யும் அந்த வேலைக்குச் சூடும் ஆகாது, புகையும் ஆகாது.

உயரத்தில்தான் நம் வீடுகளில் பெரும்பாலும் தவறு நடக்கிறது. தாத்தாவின் படத்தை வாசற்படிக்கு மேலே சாய்த்து மாட்டிப் பழகிய கை, ஓவியத்தையும் அங்கேயே கொண்டுபோகிறது. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து ஏறக்குறைய ஐந்தடிக்குள், நிற்பவரின் கண்மட்டத்தில் இருக்கட்டும். சோபாவுக்கு மேலேதான் என்றால் இடையில் ஒரு சாணுக்கு மேல் விட வேண்டாம். அதிகம் விட்டால் படம் தனியே மிதப்பதுபோல் தெரியும். துளை போடுவதற்கு முன்னால் ஓவியத்தின் அளவுக்குச் செய்தித்தாளை வெட்டிச் சுவரில் ஒட்டி, இரவு விளக்கிலும் பார்த்து, நாலு நாள் அப்படியே விட்டுவையுங்கள். பெரிய படமென்றால் ஒரே ஆணியில் தொங்கவிடாமல், இரண்டு கொக்கி போடச் சொல்லுங்கள்.